பொருள்: ரீஃபர்பிஷ்டு கணினி – ‘தேற்றிய கணினி’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பழசை வாங்கிச் சரிசெய்து மறுபடி விற்கும் கணினியைத்தான் ரீஃபர்பிஷ்டு என்கிறோம். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் இதுவரை வந்தவை மூன்று: புதுப்பித்த கணினி, செப்பனிட்ட கணினி, மறுசீரமைக்கப்பட்ட கணினி. பாலக்கோடு பக்கம் நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில் மூன்றையும் பலகையில் எழுதிப் படிக்கச் சொன்னேன். மூன்றாவதைப் படித்து முடிப்பதற்குள் பிள்ளைகளுக்கு மூச்சு வாங்கியது. அதை விட்டுவிடலாம்.

> ‘புதுப்பித்த’ எல்லோருக்கும் புரியுமே, அதுவே போதாதா?

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். லைசென்ஸைப் புதுப்பிக்கிறோம், மென்பொருளில் அப்டேட்டுக்கும் அதையே போடுகிறார்கள். அதைவிட, அந்தச் சொல்லுக்குள் ‘புதுசு’ ஒளிந்திருக்கிறது. எங்கள் மகளிர் குழு ஒன்று ‘புதுப்பித்தது’ என்ற பேச்சை நம்பி ஒரு கடையில் வாங்கி வந்த கணினிப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். வெளியே பளபளப்பு, உள்ளே விசிறி முழுக்கக் கம்பளி மாதிரி தூசி. கரண்ட் போய் வந்தால் தேதி பல வருஷம் பின்னால் ஓடிவிடும். மதர்போர்டில் காசு மாதிரி இருக்கும் அந்தச் சின்ன பேட்டரியைக்கூட மாற்றவில்லை. துடைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

செய்ய வேண்டிய வேலை வேறு. ரேமைக் கழற்றி அதன் முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்க்க வேண்டும். பிராசசர் மேல் காய்ந்து கிடக்கும் சூடு கடத்தும் பசையைச் சுரண்டிப் புதிதாகப் பூச வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில், அதைவிட வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகம் போட வேண்டும். நிமிஷக்கணக்கில் முக்கி முனகித் திறந்த பெட்டி அதற்கப்புறம் நொடிகளில் திறக்கும். முந்தையவரின் கோப்பு ஒன்றுகூட இருக்கக் கூடாது. கடைசியாக லினக்ஸ் மின்ட், லுபுண்டு போன்ற இலவச இயங்குதளம் ஒன்றை ஏற்றி, தமிழ்99 விசைப்பலகையை அமைத்து, ஒரு நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.

இதற்கான சொல் எங்கள் ஊர் மெக்கானிக்கின் வாயிலேயே இருந்தது. பெட்டியைப் பார்த்ததும் “தேறும்”, இல்லையென்றால் “தேறாதுங்க”. போச்சம்பள்ளிச் சந்தைக்குப் போகிறவர்களுக்கும் இது தெரியும்: மெலிந்த மாட்டை வாங்கி, தீனி போட்டுத் ‘தேத்தி’ விற்பார்கள். தேத்திய மாட்டைக் கன்று என்று யாரும் சொல்வதில்லை. வாங்குகிறவர் பல்லைப் பிடித்து வயசு பார்த்துக்கொள்வார். பழசு பழசுதான், ஆனால் உழைக்கும். எனக்கு வேண்டிய நேர்மை இந்தச் சொல்லில் இருக்கிறது. தேர்வில் தேறுவதும் கூடவே ஒட்டிக்கொண்டு வருவது உபரி லாபம்.

எனவே: தேற்றிய கணினி, தேற்றுதல், தேற்றுநர், தேற்றுபட்டறை. உதிரி பாகத்துக்கு மட்டும் ஆகிறவை ‘தேறாதவை’.

தடைகள் உண்டு. துக்க வீட்டில் ஆறுதல் சொல்வதும் தேற்றுவதுதான். கணக்குப் பாடத்தில் ‘தேற்றம்’ உட்கார்ந்திருக்கிறது. இலங்கை நண்பர்களுக்குத் ‘தேறிய இலாபம்’ என்றால் செலவு போக மிஞ்சியது. ஆனால் ‘தேற்றிய கணினி’ என்று சேர்த்துச் சொன்னால் இவை எதுவும் குறுக்கே வராது என்றே நினைக்கிறேன். ‘செப்பனிட்ட’ தவறில்லை, ஆனால் அது சாலைக்கும் ஏரிக்கரைக்கும் பழகிய சொல். எங்கள் வகுப்பில் ஒருவரும் அதை வாயில் போட்டுக்கொள்ளவில்லை.

அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி பல பழைய பெட்டிகளில் இல்லை, அதனால் அவற்றைக் கழித்துக் கட்டுகிறார்கள். ஓசூரிலிருந்து பெங்களூருவின் எஸ்.பி. ரோடு கணினிச் சந்தை பக்கம்தான்; இப்படிக் கழித்துக் கட்டியவற்றை வாங்க இங்கிருந்து ஆட்கள் போகிறார்கள். 2011-இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்தவையும் பல வீட்டுப் பரண்களில் தூங்குகின்றன. அவற்றில் சில தேறும்.

இனி எங்கள் பெட்டிகளில் ஒட்டும் சீட்டில் ‘தேற்றிய மாதம்’, ‘மாற்றிய பாகங்கள்’ என்று இரண்டு வரி அச்சிடப் போகிறோம். ‘தேற்றுநர்’ என்பது கொஞ்சம் விறைப்பாக இருக்கிறதோ என்று மட்டும் சந்தேகம். இணைய அகராதியான விக்சனரியில் சேர்ப்பதற்கு முன் யாராவது சொல்லுங்கள்.