முத்தியால்பேட்டை உறவுகள்: வெலிங்டன் திட்டம்

சனிக்கிழமை, காலை 6:42

செல்வி (வெலிங்டன், நீலகிரி): எல்லாருக்கும் வணக்கம். பொங்கல் முடிந்து வருவதாகச் சொன்னீர்கள், யார் யார் என்று இன்னும் சொல்லவில்லை. வந்தால் ஞாயிறு காலை கோல்ஃப் மைதானத்துக்குக் கூட்டிப் போகிறேன். ஆறு மாதமாகக் கற்றுக்கொள்கிறேன். யாரும் சிரிக்கக் கூடாது.

வில்லியனூர் அத்தை: குச்சி வைத்து அடிப்பார்களே, அதுவா? உனக்கு ஊசி போடுகிற வேலை என்றுதானே நினைத்தேன் 😄

செல்வி: ராணுவத்தில் நர்ஸும் அதிகாரிதான் அத்தை. டூட்டி முடிந்தால் மைதானம் நடந்து போகிற தூரம். 18 குழி. நடுவில் காட்டெருமை வந்தால் ஒதுங்கி நிற்போம், அது போன பிறகு ஆடுவோம்.

நான்: ஜீன்ஸ் போடலாமா?

செல்வி: கூடாது அண்ணா. காலர் வைத்த டீ ஷர்ட், பேன்ட், ஷூ. அடையாள அட்டை எல்லாரும் கொண்டு வரணும். படம் எடுப்பதற்கு முன் என்னைக் கேளுங்கள். முக்கியமாக அத்தை.

வில்லியனூர் அத்தை: ஸ்டேட்டஸ் போடாமல் மலைக்குப் போய் என்ன பிரயோஜனம்?

வில்லியனூர் மாமா: ஒன்று சொல்கிறேன். 2011இல் நாடாளுமன்றத்தில் வைத்த சிஏஜி (மத்திய அரசின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) அறிக்கையில் இதெல்லாம் வந்தது. பாதுகாப்புத் துறை நிலத்தில் 97 கோல்ஃப் மைதானம், 8,076 ஏக்கர். வெளியாட்களிடம் வாங்கிய கட்டணம் ஏன் அரசுக் கணக்கில் சேரவில்லை என்று கேட்டிருந்தார்கள். இப்போது பல இடங்களில் பலகையில் கோல்ஃப் என்ற வார்த்தையே இருக்காது. ‘சுற்றுச்சூழல் பூங்கா மற்றும் பயிற்சிப் பகுதி’ என்று இருக்கும்.

வில்லியனூர் அத்தை: இவர் ரிட்டயர் ஆகி ஒன்பது வருஷம். இவருக்குள் இருக்கிற ஆடிட்டர் மட்டும் இன்னும் ரிட்டயர் ஆகவில்லை.

கார்த்தி (சான்டியாகோ): நான் இங்கே கடற்படையின் அட்மிரல் பேக்கர் மைதானத்துக்குப் போவேன், பக்கத்து வீட்டு ரிட்டயர்ட் மாலுமியோடு. படைத்தளத்து மைதானங்களில் கட்டணம் பதவியைப் பார்த்துத்தான். கீழ்மட்டச் சிப்பாய்க்குக் குறைவு, மேலே போகப் போகக் கூடும். என்னை மாதிரி வெளியாள்தான் அதிகம் அழவேண்டும்.

கார்த்தி (சான்டியாகோ): அத்தைக்கு ஒரு கதை. ஹவாயில் மரீன் படைத்தளத்து மைதானம். 2014 டிசம்பரில் 16ஆவது குழி பக்கம் இரண்டு ராணுவக் கேப்டன்களுக்குக் கல்யாணம் ஏற்பாடு. சும்மா இருக்கட்டுமே என்று ஒபாமாவுக்கும் பத்திரிகை அனுப்பியிருந்தார்கள். வர இயலவில்லை என்று பதில் வந்தது. அடுத்த நாள் அவர் அங்கேயே ஆட வருகிறார், கல்யாணத்தை வேறு இடத்துக்கு மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்! அப்புறம் அவரே போன் போட்டு மன்னிப்புக் கேட்டாராம்.

வில்லியனூர் அத்தை: பத்திரிகை வைத்தும் பந்தியில் உட்காராமல், பந்தலைப் பிரிக்க வைத்தாரா?

கார்த்தி (சான்டியாகோ): 😂 இன்னொன்று. கொரிய எல்லையில் கேம்ப் போனிஃபாஸ். மொத்தமே ஒரு குழிதான், 192 கெஜம். மூன்று பக்கம் கண்ணிவெடி.

நான்: பந்து போனால் போகட்டும் என்று விட்டுவிட வேண்டியதுதான்.

காலை 7:30

மஞ்சக்குப்பம் சித்தப்பா: செல்வி, அங்கே கிரீனில், அதுதான் குழியைச் சுற்றி ஒட்ட அறுத்த இடத்தில், என்ன புல்?

செல்வி: தெரியவில்லை அப்பா. பச்சையாக இருக்கும்.

மஞ்சக்குப்பம் சித்தப்பா: ஆறு மாதமாக ஆடுகிறாய், புல் தெரியவில்லையா?

மஞ்சக்குப்பம் சித்தப்பா: 1996இல் வடக்கே ஒரு ஸ்டேஷனில் ஒரு வருஷம் எனக்கு மைதானப் பராமரிப்பு. காலை நாலரைக்கு எழுந்து நீள மூங்கில் கழியால் கிரீன் மேல் இருக்கிற பனியைத் தட்டுவோம். பனி நின்றால் பூஞ்சை பிடிக்கும். அப்புறம் அறுப்பு மிஷின். அதற்குப் பிறகுதான் குழி வெட்டுவது. நேற்று இருந்த இடத்தில் இன்றைக்குக் குழி இருக்கக் கூடாது, ஒரே இடம் மிதிபட்டால் புல் செத்துவிடும். 108 மில்லிமீட்டர் அகலம். புதுக் குழியில் வெட்டி எடுத்த மண்ணைப் புல்லோடு பழைய குழியில் செருகி அடைக்கணும், தையல் தெரியக் கூடாது. முதல் மாதம் என் குழிகளில் எல்லாம் தையல் தெரிந்தது. சுபேதார் சாப் ஒன்றும் சொல்லவில்லை, பூட்ஸ் நுனியால் தொட்டுக் காட்டிவிட்டுப் போய்விடுவார். அது திட்டுவதைவிட மோசம்.

மஞ்சக்குப்பம் சித்தப்பா: அங்கே இருந்தது நம் அருகம்புல்தான். இந்தியில் தூப் என்பார்கள். மலைக்குளிருக்கு வேறு புல் போட்டிருப்பார்களோ என்றுதான் கேட்டேன்.

வில்லியனூர் அத்தை: பிள்ளையாருக்குச் சாத்துகிற அருகம்புல்லா? அதை மிதித்தா ஆடுகிறார்கள் அண்ணா?

மஞ்சக்குப்பம் சித்தப்பா: மிதித்தாலும் சாகாத புல் என்பதால்தான் அதைப் போடுகிறார்கள்.

வில்லியனூர் மாமா: சரி மச்சான், ஒரு வருஷம் புல் வளர்த்தீர்கள். ஒரு நாளாவது அடித்தீர்களா? அதைத்தான் ஆடிட்டில் கேட்கணும்.

மஞ்சக்குப்பம் சித்தப்பா: இல்லை. ஜவான்கள் ஆடுகிற பழக்கம் அங்கே இல்லை. ஆடாதே என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஆனால் குழியை எங்கே வெட்டுவது என்பது என் முடிவு. சரிவில் வெட்டினால் பந்தைக் குழியில் போடக் கர்னலுக்கும் நான்கு தட்டு ஆகும். லீவு கிடைக்காத வாரம் சரிவில்தான் வெட்டுவேன்.

நான்: சித்தப்பா!! 😂😂

கார்த்தி (சான்டியாகோ): 🤣🤣

செல்வி: அப்பா, இதை வீட்டில் சொன்னதே இல்லையே.

மஞ்சக்குப்பம் சித்தப்பா: அப்போது நீ பால்வாடி. பெரியவளானதும் கேட்கவில்லை.

செல்வி: இப்போது கேட்கிறேன். ஏழாவது குழியில் நேராகத்தான் தட்டுகிறேன். கடைசி இரண்டு அடியில் பந்து இடது பக்கம் ஓடிவிடுகிறது.

மஞ்சக்குப்பம் சித்தப்பா: பந்துக்குப் பின்னால் நின்று மட்டும் பார்க்காதே. தாழ்வான பக்கம் போய்க் குந்தி உட்கார். ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினால் எங்கே ஓடும் என்று நினைத்துப் பார், பந்தும் அங்கேதான் ஓடும். அறுத்த வரியையும் பார். கறுத்துத் தெரிந்தால் புல் எதிரே சாய்ந்திருக்கிறது, பந்து மெதுவாகப் போகும். வெளிறித் தெரிந்தால் வேகம்.

செல்வி: ஆறு மாதமாக இதை ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லை.

சொல்தா தாத்தா: பாப்பா, நானும் வருகிறேன். நாங்கள் பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக (சிப்பாயாக) இருந்தபோது பாராக்கில் பெத்தாங்க் ஆடியவர்கள், இரும்புக் குண்டு எறிகிற ஆட்டம். குண்டு 700 கிராம், தூரம் 10 மீட்டருக்குள். உன் பந்து 46 கிராம்கூட இருக்காது, அதைக் கண்காணாத தூரத்துக்கு அடித்துவிட்டுப் பின்னாலேயே நடப்பது என்ன ஆட்டமோ.

செல்வி: தாத்தா, வாங்க. ஆனால் உங்கள் பாஸ்போர்ட் பிரான்ஸ் பாஸ்போர்ட். வெளிநாட்டவர் என்றால் முன்கூட்டியே அனுமதி வாங்கணும். பாஸ்போர்ட் நகலை இன்றைக்கே அனுப்புங்கள்.

சொல்தா தாத்தா: 15 வருஷம் துப்பாக்கி தூக்கியவன் நான்.

செல்வி: வேறு நாட்டுத் துப்பாக்கி தாத்தா 🙏

சொல்தா தாத்தா: நவம்பர் 11, முதல் உலகப் போர் முடிந்த நாளில், கடற்கரை பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னத்தில் எனக்கு முன்வரிசை நாற்காலி. பேத்தி ஊரில் வாசலில் நிற்கணுமா? சரி, நகல் அனுப்புகிறேன். ரவி, வந்து எடுத்துக் கொடு.

நான்: மாலை வருகிறேன் தாத்தா. புதுச்சேரியில் இருந்து விழுப்புரம், சேலம், மேட்டுப்பாளையம் வழியாகப் போனால் 400 கி.மீ.க்கு மேல். அதிகாலை நாலு மணிக்குக் கிளம்பணும். வண்டியில் ஏழு பேர்தான்.

வில்லியனூர் அத்தை: புளியோதரை என் பொறுப்பு. மாமாவுக்கு ஒரு சீட். காலர் சட்டையும் போட்டுக்கொள்வார்.

மஞ்சக்குப்பம் சித்தப்பா: செல்வி, நான் ஆடவெல்லாம் மாட்டேன். அங்கே குழி வெட்டுகிறவர் காலையில் எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்டுச் சொல்.

மாலை 5:15

செல்வி: கேட்டேன் அப்பா. ஐந்தரை. நீங்கள் வருவீர்கள் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு அது என்ன புல் என்று தெரியுமாம், நேரில் சொல்கிறாராம்.

மஞ்சக்குப்பம் சித்தப்பா: 👍 மப்ளர் எடுத்து வைத்தாச்சு.