அந்த நாய்ப் படம் எந்த ஆபீஸ் படம்?

எழுத்தாளர் கி. ராஜநாராயணனிடம் (கி.ரா.) நான் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. 2021 மே மாதம், ஊரடங்கு நேரம், புதுச்சேரியிலிருந்து அவர் உடலைச் சொந்த ஊரான இடைசெவலுக்குக் கொண்டுவந்தபோது கூட்டத்துக்கு வெளியே முகக்கவசத்தோடு நின்றிருந்தேன். அரசு மரியாதையின் குண்டுச் சத்தம் கேட்டது. முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதனால் நான் சொல்லப்போவது அவரைச் சந்தித்த கதை இல்லை. அவர் எழுதிய கதை ஒன்றை இன்னொருவரிடம் கொண்டுபோய் வாசித்த கதை.

எனக்குக் கோவில்பட்டிப் பக்கம். தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, ஆபீஸ்தான். கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி போகிற வழியில் இருக்கிறது இடைசெவல். அந்தச் சின்ன ஊரில் 1923 செப்டம்பரில், ஒரு வார இடைவெளியில் கி.ரா.வும் இன்னொரு எழுத்தாளரான கு. அழகிரிசாமியும் பிறந்தார்கள். அழகிரிசாமி சென்னை, மலேயா என்று பத்திரிகை வேலையாக அலைந்து, 1970இல், ஐம்பது வயதைப் பார்க்காமலே போய்விட்டார். கி.ரா. ஊரோடு இருந்தார். சம்சாரி வேலை என்கிற விவசாயம், கம்யூனிஸ்ட் இயக்க வேலை, நோய் எல்லாம் பார்த்துவிட்டு, 1958இல்தான் ‘சரஸ்வதி’ பத்திரிகையில் கதை எழுதினார். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயதை ஒட்டி இருக்கும். அந்த வயதில் என் கதை ஒன்றுகூட அச்சில் வந்திருக்கவில்லை. அந்தக் கணக்கு எனக்குப் பெரிய தைரியமாக இருந்தது.

அழகிரிசாமி தன் நண்பர் கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்கள் புத்தகமாக வந்திருக்கின்றன. எழுத உட்கார்ந்து ஒன்றும் ஓடாத காலையில் அதைத்தான் எடுப்பேன். சங்கீதம், படித்த புத்தகம், மனக் கஷ்டம், எல்லாம் ஒரே மூச்சில் வரும். அடுத்த தெருவில் இருப்பவரோடு பேசுகிற மாதிரிதான் இருக்கும். நான் எழுதுவது காலை நாலரையிலிருந்து ஆறு வரை. குழாயில் தண்ணீர் வருகிற நாளில் அதுவும் கிடையாது. குடம், அண்டா, வாளி எல்லாம் நிறைத்து முடிக்கும்போது வெயில் வந்துவிடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஆபீஸில் ஓர் அக்கா. குச்சி அடுக்குவதில் ஆரம்பித்து, பெட்டி ஒட்டி, இப்போது பண்டல் கட்டுகிற இடத்தில் இருக்கிறார். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். ஒரு மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் நான் கி.ரா.வின் ‘கதவு’ கதையைப் படித்துக்கொண்டிருந்தேன். “என்ன தம்பி அப்படி முங்கிப் போய்க் கெடக்கீக?” என்றார். சத்தமாக வாசிக்க ஆரம்பித்தேன். தெரிந்த கதைதான் உங்களுக்கும்: ஏழை வீட்டுக் குழந்தைகள் கதவில் தொற்றிக்கொண்டு பஸ் விளையாட்டு விளையாடும். லக்ஷ்மி தெருவில் ஒரு தீப்பெட்டிப் படத்தைக் கண்டெடுத்துக் கதவில் ஒட்டுவாள். அதில் ஒரு நாய். பிறகு தீர்வைப் பாக்கிக்காகக் கதவையே கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

நாய்ப் படம் வந்த இடத்தில் அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

“அந்த நாய்ப் படம் எந்த ஆபீஸ் படமாம்?”

நான் அந்தக் கதையைப் பத்துத் தடவையாவது படித்திருப்பேன். ஒரு தடவைகூட அப்படி ஒரு கேள்வி எனக்கு வந்ததில்லை. அவருக்கு அது கதையில் வரும் பொருள் இல்லை. சின்ன வயதில் பசை தொட்டு விரல் நுனி தோல் உரிய ஒட்டிய லேபிள். ஒரு குரோசுக்கு 144 பெட்டி என்று எண்ணி எண்ணி ஒட்டியது. மயில், கப்பல், சாவி என்று எத்தனை படம் ஒட்டினார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நாய் மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை. அதில் அவருக்கு நிஜமாகவே வருத்தம்.

கதை முடிந்ததும் கொஞ்ச நேரம் தூக்குவாளியை மூடாமல் உட்கார்ந்திருந்தார். அப்புறம் தானாகச் சொன்னார். அவர் வீட்டிலிருந்து கதவு போகவில்லை, பித்தளைக் குடம் போனது. வாங்கின கடனுக்கு ஆள் வந்து எடுத்துக்கொண்டு போனானாம். குடத்தில் பாதித் தண்ணீர் இருந்திருக்கிறது. “அந்தத் தண்ணிய எங்க வாசல்லயே கவுத்திட்டுப் போனான் தம்பி. கம்மாயில இருந்து எங்கம்மா செமந்துட்டு வந்த தண்ணி.”

பெரிய கதைசொல்லிகள் காது கொடுத்துக் கேட்டதெல்லாம் இப்படிப்பட்ட குரலைத்தான் என்று அன்றைக்கு எனக்கு உறைத்தது. வெளியே தேடிக்கொண்டிருந்தேன்; கணக்கு மேசையிலிருந்து பத்தடி தூரத்தில் சொல்ல ஆள் இருந்தது. அன்றிலிருந்து ஒரு பழைய டைரியில் அவர் பேச்சைக் குறித்து வைக்கிறேன். ‘வெள்ளென’, ‘வெஞ்சனம்’, ‘மேலுக்குச் சொகமில்ல’. கி.ரா. கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அகராதியே போட்டவர். அந்த அகராதியில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இருந்தால் ஒரு சந்தோஷம், இல்லாவிட்டால் அதைவிடச் சந்தோஷம்.

குடத்துக் கதையை நாலு வருஷமாக எழுதுகிறேன். போன மாதம் ஒருவழியாக முடித்து, அக்காவிடம் வாசித்தேன். கவனமாகக் கேட்டார். கடைசிப் பக்கத்தில், அந்தச் சிறுமி வாசல் ஈரத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுகிறாள் என்று எழுதியிருந்தேன்.

“நான் அழலையே தம்பி,” என்றார். “அந்த ஈரத்த மிதிக்காமத் தாண்டிப் போனேன். அது எங்கம்மா செமந்த தண்ணியாச்சே.”

அன்று ராத்திரியே கடைசிப் பக்கத்தை அடித்துப் போட்டேன். அவர் சொன்ன ஒரு வரி மட்டும் இப்போது அங்கே இருக்கிறது.