சிகாகோவில் வியாழக்கிழமை மாலைகள்

கோடை ஆய்வுக்கு வெளிநாடு கிளம்பும் தம்பி தங்கைகள் தவறாமல் கேட்பது, ஆய்வகம் போக வேறு எதற்காவது நேரம் மிஞ்சுமா என்பதுதான். மிஞ்சும். ஆனால் சனி, ஞாயிறை நம்ப வேண்டாம். துணி துவைத்து, சாம்பார் வைத்து, வீட்டுக்குப் பேசி முடிப்பதற்குள் அவை ஓடிவிடும்.

நான் காரைக்குடிக்காரன், அங்குள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரியில் மின்வேதியியல் படித்தவன். சிகாகோவில் எனக்கு லித்தியம் மின்கலம் செய்து சோதிக்கும் வேலை. அந்த ஊரின் கலை அருங்காட்சியகமான ஆர்ட் இன்ஸ்டிடியூட் வியாழக்கிழமை மட்டும் இரவு 8 மணி வரை திறந்திருக்கும். அதனால் வாரத்தையே வியாழனுக்கு ஏற்றபடி அமைத்துக்கொண்டேன். செவ்வாயன்று மின்வாய்த் தகட்டுக்குப் பூச்சு, புதன் இரவு வெற்றிட அடுப்பில் உலர்த்தல், வியாழன் காலை காற்றும் ஈரமும் புகாத கிளவ் பாக்ஸுக்குள் கைவிட்டு மின்கலத்தை அடைத்தல். பிற்பகலில் கருவியில் மாட்டிவிட்டால் பத்து மணி நேரம் மின்னேற்றம், பத்து மணி நேரம் இறக்கம். பக்கத்தில் உட்கார்ந்து அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதால் ஒரு மில்லி ஆம்பியர்கூட அதிகமாகிவிடாது. வழிகாட்டியிடம் முன்பே சொல்லிவிட்டேன். அவருக்கும் வெள்ளிக்கிழமை முடிவு வந்தால் போதும்.

உள்ளே போனதும் எல்லாவற்றையும் பார்த்துவிடத் துடிப்பவர்கள் உண்டு. செட்டிநாட்டின் ஒன்பது நகரக் கோயில்களையும் ஒரே நாளில் முடிக்கும் வேன் பயணம்தான் அது. இறங்கியதும் எந்தச் சாமி எந்த ஊரில் என்பது மறந்துவிடும். நான் மாலைக்கு ஓர் அறை என்று வைத்துக்கொண்டேன். தெற்காசியக் கூடத்தில் நாகப்பட்டினத்துக் கருங்கல் புத்தரைப் பார்த்ததும் சொந்தக்காரரைக் கண்டதுபோல் நின்றுவிட்டேன். ஆனால் என்னை அதிகம் பிடித்து வைத்தது ஜார்ஜ் சூராவின் ஆற்றங்கரை ஓவியம்தான், 1884 முதல் 86 வரை வரைந்தது.

மூன்று மீட்டர் அகலம், முழுக்கப் புள்ளிகள். ஒரு மாலை, வெயில் விழும் புல்லில் ஏன் இத்தனை பழுப்புப் புள்ளிகள் என்று குனிந்து பார்த்தேன். காவலர் ஓர் எட்டு பின்னால் போகச் சொல்லிவிட்டு, "அவை மஞ்சளாக இருந்தவை" என்றார். சூரா பூசியது துத்தநாக மஞ்சள், அதாவது துத்தநாகக் குரோமேட் வகை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரும்பும் அலுமினியமும் அரிக்காமல் இருக்க அடிப்பூச்சாகப் பூசும் அதே சரக்கு! ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் கடற்காற்றில் உலோகத் தகடுகளைக் காயவைத்துச் சோதிக்கும் நிலையம் வைத்திருக்கிற சிக்ரியில் இதைக் கேள்விப்படாத மாணவன் இருக்க முடியாது. ஓவியத்திலோ குரோமியம் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு நிறம் மாறிவிட்டது. அதுவும் சூரா உயிரோடு இருந்தபோதே மாறத் தொடங்கிவிட்டது. பகலில் மின்கலத்துக்குள் நான் அளந்துகொண்டிருந்ததும் எலக்ட்ரான் கைமாறுவதைத்தான். அன்றிலிருந்து இரண்டும் எனக்கு வேறு வேறு வேலையாகத் தெரியவில்லை.

அங்கே இரவு எட்டு என்றால் காரைக்குடியில் காலை ஆறரை. கோடையில் அந்நேரத்திலும் வெளிச்சம் இருக்கும், படியில் உட்கார்ந்து அப்பத்தாவிடம் பேசலாம். இந்தக் கதையைச் சொன்னேன்.

"சாயம் போனால் மறுபடி பூச வேண்டியதுதானே அப்பு?"

பூசக் கூடாது, பழைய நிறத்தைக் கணினியில்தான் மீட்டுக் காட்டினார்கள் என்றேன்.

"சாயம் போன படத்துக்கா டிக்கெட் வாங்குகிறார்கள்?" என்றார்.