கோப்பைச் சுருக்குகிறோமா, குறுக்குகிறோமா?

மென்பொருள்களைத் தமிழாக்கும் நாம், கோப்பின் அளவைக் குறைக்கும் compression-க்கு, ஜிப் கோப்பானாலும் ஜேபெக் படமானாலும் 'சுருக்கம்' என்ற ஒரே சொல்லையே எழுதிவருகிறோம். அதை ஜேபெக்குக்கு விட்டுவிட்டு, ஜிப்புக்குக் 'குறுக்கம்' என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. ஜேபெக்குக்கு 'இழப்புள்ள' (பழையது முழுதாகத் திரும்பாது), ஜிப்புக்கு 'இழப்பற்ற' (அப்படியே திரும்பும்) என அடைமொழி சேர்த்தால் போதாதா என்றால், போதாது. பொத்தானிலும் பிழைச் செய்தியிலும் முதலில் உதிர்வது அடைமொழிதான்.

கதைச்சுருக்கத்திலிருந்து கதையைத் திரும்ப எழுத முடியாது. கணக்கில் 'சுருக்குக' என்றால் மதிப்பு மாறுவதில்லையே என்று கேட்கலாம். மதிப்பு மாறாது, உண்மை. ஆனால் 3/4 என்ற விடையை மட்டும் கையில் கொடுத்தால், அது 6/8 ஆக இருந்ததா 9/12 ஆக இருந்ததா என்று எவராலும் சொல்ல முடியாது. சுருக்கம் எங்கே வந்தாலும் ஒருவழிப் பாதைதான். ஜேபெக் செய்வதும் அதுவே. படத்தை 8×8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் 64 கெழுக்களாக (அதை விவரிக்கும் எண்களாக) மாற்றி, ஒவ்வொன்றையும் அட்டவணையிலுள்ள எண்ணால் வகுத்து முழு எண்ணாக்குகிறது. கெழு 37, வகுக்கும் எண் 10 என்றால் 4 என்று பதிவாகும். திறக்கும்போது கிடைப்பது 40. இடையில் வந்த 3 வேறுபாட்டை இனி எந்த நிரலாலும் சரிசெய்ய முடியாது.

ஜிப் கதையே வேறு. 'கணினி' என்ற சொல், எழுத்துகளை எண்களாகப் பதியும் யுடிஎஃப்-8 குறிமுறையில் 15 பைட்:

224 174 149 224 174 163 224 174 191 224 174 169 224 174 191

கடைசி மூன்றும் முன்பே வந்தவை. ஆகவே ஜிப்புக்குள் இருக்கும் டிஃப்லேட் முறை அவற்றைத் திரும்ப எழுதாமல், '6 பைட் பின்னே போய் 3 பைட் எடு' என்று குறித்துக்கொள்ளலாம். இது லெம்பெல், சிவ் என்ற இரு ஆய்வாளர்கள் 1977இல் வெளியிட்ட வழி. டிஃப்லேட் 32 கிலோபைட் வரை பின்னே பார்க்கும். பொருந்தும் துண்டு 3 முதல் 258 பைட் வரை இருக்கலாம். '224 174' என்ற இரட்டை திரும்பத் திரும்ப வந்தாலும் அது 2 பைட்தான், அந்த வரம்புக்குள் வராது. அதை ஹஃப்மன் குறிமுறை (1952) பார்த்துக்கொள்ளும்: அடிக்கடி வரும் எண்ணுக்குக் குறைந்த பிட். நீண்ட தமிழ் உரை நன்றாக அடங்குவதற்கு இந்த இரண்டும் காரணம். ஆனால் இந்த 15 பைட்டை மட்டும் ஜிஸிப்பில் (டிஃப்லேட்டையே பயன்படுத்தும் இன்னொரு கோப்பு வடிவம்) போட்டால், தலைப்புக்கு 10, வாலுக்கு 8 என்று சேர்ந்து கோப்பு பெருத்துவிடும். விரித்ததும் கிடைப்பது வாலிலுள்ள சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிடப்படும். ஒரு பிட் மாறியிருந்தாலும் பிழை என்று நின்றுவிடும்.

ஜிப் செய்யும் இந்த வேலைக்கு 'அமுக்கம்' ஒத்துவராது. இலங்கை இயற்பியல் பாடத்தில் அது அழுத்தத்துக்கு (pressure) உரியது. 'மடிப்பு' எனக்குப் பிடித்த சொல், துணியை மடித்தால் எதுவும் குறையாது. ஆனால் பட்டியலின் உறுப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து ஒரே விடையாக்கும் 'fold' என்ற நிரலாக்கச் செயலுக்கு அந்தச் சொல் தேவைப்படும்.

குறுக்கம் நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. 'தலைவன்' என்பதில் உள்ள ஐகாரம் 2 மாத்திரையிலிருந்து 1 மாத்திரையாகக் குறுகுகிறது. எழுத்து 'லை'தான், வேறு எழுத்தாகிவிடவில்லை. ஐகாரத்தைத் தனித்துச் சொன்னால் பழைய 2 மாத்திரை வந்துவிடும். அளவு குறைந்தும் அடையாளம் கெடாத நிலைக்கு நம்மிடம் ஏற்கெனவே பெயர் இருக்கும்போது, புதிதாக எதற்கு?

சிக்கல் ஒன்று உண்டு. 'குறுக்கு' என்று வெறுமனே எழுதினால் குறுக்குவழி நினைவுக்கு வரும். அதனால் பொத்தானில் 'குறுக்குக', பெயரில் 'குறுக்கிய கோப்பு', எதிர்ச்செயலுக்கு 'விரித்தல்'. இரண்டுக்கும் பொதுவாகச் சொல்ல வேண்டிய இடத்தில் 'அளவுக்குறைப்பு' போதும். பேச்சில் சுருக்கமும் குறுக்கமும் காதுக்கு நெருங்கி ஒலிக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். எழுத்தில் அந்தக் குழப்பம் இல்லை. நாம் மொழிபெயர்ப்பதோ எழுத்தைத்தான்.

ஜேபெக் படத்தை ஜிப்பில் போடுபவருக்கு ஒரு செய்தி காட்ட வேண்டும் என்று வையுங்கள். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எழுதிப் பாருங்கள், பிறகு இதைப் படியுங்கள்: 'இது ஏற்கெனவே சுருக்கிய படம்; குறுக்கினாலும் அளவு பெரிதாகக் குறையாது.'