50,000 மணி நேரம் எரியுமாம்! (மும்பை எல்இடி தெருவிளக்கு)

பேலஸ்ட்பாண்டி:
பக்கத்து இழையில செம்பூர்ச்செல்வம் அண்ணாச்சி எழுதியிருக்கார்: "எல்இடி தெருவிளக்கு 50,000 மணி நேரம் எரியும். ஒரு தடவை மாட்டினா 12 வருஷத்துக்கு ஏணியே வேண்டாம்." ஏணிக்கு மாலை போட்டு மூலையில சாத்திடலாம்போல! அந்த 50,000 சிப்போட ஆயுள். அதுக்குக் கரண்ட் கொடுக்கிற மின்பெட்டி, அதான் டிரைவர், அதோட ஆயுளை யார் எழுதினது?

செம்பூர்ச்செல்வம்:
இன்வெர்ட்டர் இழையில வாங்கிக்கட்டிக்கிட்டது போதலையா பாண்டி? ராத்திரிக்கு 11.5 மணி நேரம், வருஷத்துக்கு சுமார் 4,200. வகுத்துப் பாருங்க, 12 வருஷம் வருதா இல்லையா? பழைய மஞ்சள் விளக்கு 250 வாட் சோடியம், அதோட கரண்டைக் கட்டுப்படுத்துற சோக் தின்கிறதையும் சேர்த்தா 280 வாட். அந்த இடத்துல 120 வாட் எல்இடி. கம்பத்துக்கு வருஷம் 672 யூனிட் மிச்சம்.

பேலஸ்ட்பாண்டி:
மிச்சத்தை யார் கேட்டா? 50,000-ஐத்தான் கேட்கிறேன். டிரைவருக்குள்ள மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்குற எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் இருக்கு. சாதாரண சரக்குன்னா 105 டிகிரியில 5,000 மணி நேரம். சூடு 10 டிகிரி குறையக் குறைய ஆயுள் இரட்டிக்கும். 85-ல 20,000, 75-ல 40,000. எங்கேய்யா 50,000?

செம்பூர்ச்செல்வம்:
ராத்திரிதானே சாமி எரியுது, உச்சி வெயில்லயா? நல்ல டிரைவர்ல 10,000 மணி நேரக் கெப்பாசிட்டர் இருக்கும், 75-ல 80,000 வரும். மலிவு சரக்கை மாட்டிட்டு எல்இடியைத் திட்டாதீங்க.

லக்ஸ்மீட்டர்:
ஒரு நிமிஷம். 50,000-ங்கிறது எல்70. வெளிச்சம் 70 சதவீதமா இறங்க ஆகுற நேரம், அணைஞ்சுபோற நேரம் இல்ல. ரெண்டு பேரும் வேற வேற விஷயம் பேசுறீங்க.

பேலஸ்ட்பாண்டி:
எல்70-ஐ புரோஷர்ல வெச்சுக்குங்க தம்பி. டிரைவர் செத்தா எல்பூஜ்யம்.

அது எப்படிச் சாகுதுன்னு சொல்றேன். பழைய கம்பத்துல எல்இடி மாட்டுறப்ப சோக், பழைய விளக்கைப் பத்த வைக்கிற இக்னிட்டர், 33 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் மூணையும் கழட்டிட்டு நேர் லைன் கொடுக்கணும். அவசரத்துல பழைய விளக்குக்குப் போன ரெண்டு வயர்லயே மாட்டிட்டா, இக்னிட்டர் 4,000 வோல்ட் துடிப்பை டிரைவருக்குள்ள அடிக்கும். அடுத்தது நியூட்ரல், கரண்ட் திரும்புற வயர். மூணு ஃபேஸ் லைன்ல நியூட்ரல் அறுந்தா ஒரு வரிசைக்கு 150 வோல்ட், இன்னொரு வரிசைக்கு 300-க்கு மேல. ஒரே ராத்திரியில பத்து டிரைவர் காலி. திடீர்னு பாயுற அதிக வோல்டேஜைத் தடுக்க 10 கேவி (10,000 வோல்ட்) சர்ஜ் பாதுகாப்பு இருக்குன்னு சொல்வீங்க. கம்பத்தோட அடிக் கதவைத் திறந்து பாருங்க: எர்த் போல்ட் மேல பெயிண்ட், பெயிண்டுக்குக் கீழ துரு. எர்த் இல்லாத சர்ஜ் பெட்டி சும்மா பாரம்தான். கிங்ஸ் சர்க்கிள்ல மழைத்தண்ணி தேங்கினா அந்த அடிப்பெட்டியே முழுகிடும்.

செம்பூர்ச்செல்வம்:
ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். வயரிங் தப்பு, எர்த் தப்பு, தண்ணி தேங்குது. இதுல எல்இடி என்ன பண்ணும்? உங்க சோடியம் மட்டும் சிரஞ்சீவியா? 24,000 மணி நேரம். கடைசிக் காலத்துல எரியும், அணையும், ஆறினதும் மறுபடி எரியும். தெருவுக்கே கண்ணடிக்கும்.

பேலஸ்ட்பாண்டி:
கண்ணடிச்சாலும் சும்மா பல்பை மாத்தினா போதும். டிரைவரை ஒட்டி மூடின மாடல்னா முழு விளக்கையே இறக்கணும். அப்ப உங்க 672 யூனிட் எங்கே போகும்?

மாட்டுங்காமாமி:
சண்டைக்கு நடுவுல ஒண்ணு. 2015-ல மரீன் டிரைவ்ல மஞ்சளை எடுத்துட்டு வெள்ளை மாட்டினப்ப ஊரே கத்தித்து, விஷயம் ஹைகோர்ட் வரைக்கும் போச்சு. குயின்ஸ் நெக்லஸ்னு பேர் வாங்கின அந்த விளக்கு வரிசையை ஆஸ்பத்திரி வராண்டா ஆக்கிட்டாளேன்னு. அதுக்கு யார் பதில் சொல்றது?

செம்பூர்ச்செல்வம்:
மாமி, சோடியத்துல நிறம் தெரியுற அளவு நூத்துக்கு 25-கூட வராது. சிவப்புக் காரும் பழுப்புக் காரும் ஒண்ணுதான். எல்இடியில 70. அழகு வேணும்னா 3000 கெல்வின் நிற எல்இடி மாட்டுங்க, மஞ்சளாவே இருக்கும்.

மாட்டுங்காமாமி:
செம்பூர்க்காராளுக்கு அழகைப் பத்தி என்ன தெரியும்.

செம்பூர்ச்செல்வம்:
ஆரம்பிச்சாச்சா? மாட்டுங்காவுல மரக்கிளைக்கு மேல விளக்கை வெச்சு இலைக்குத்தானே வெளிச்சம் போடுறீங்க!

லக்ஸ்மீட்டர்:
அதுவும் முக்கியம்தான். 9 மீட்டர் கம்பம், 30 மீட்டர் இடைவெளின்னா லென்ஸைப் பார்த்து வாங்கணும். இல்லேன்னா கம்பத்தடியில வெளிச்ச வெள்ளம், நடுவுல இருட்டு. நல்ல லென்ஸ், மோசமான லென்ஸ் ரெண்டுக்கும் சராசரி லக்ஸ் (வெளிச்ச அளவு) ஒண்ணாவே வரும், அதனால...

பேலஸ்ட்பாண்டி:
லென்ஸ், மரம், நெக்லஸ்னு சுத்தி வளைக்காதீங்க. இன்னொண்ணு விட்டுட்டேன். விளக்கு எரியுறப்ப உள்காத்து சூடாகி வெளியே போகும். அணைஞ்சதும், திடீர் மழை பட்டதும் வயர் நுழையுற கிளாண்ட் வழியா ஈரத்தை உள்ளே இழுக்கும். தூசு, தண்ணி புகாதுன்னு ஐபி66 ஸ்டிக்கர் இருந்தும் கண்ணாடிக்கு உள்ளே வியர்க்கிறது அதனாலதான். உப்புக் காத்துல ரெண்டு மழைக்காலம் தாண்டட்டும், அப்புறம் 50,000 பேசலாம்.

செம்பூர்ச்செல்வம்:
காத்து போக வர வென்ட் வெச்ச மாடல் இருக்கு. வாங்கத் தெரியணும்.

பேலஸ்ட்பாண்டி:
அந்த மாடல்ல டிரைவருக்கு எத்தனை மணி நேரம் எழுதியிருக்கான்? அதை மட்டும் சொல்லுங்க.

செம்பூர்ச்செல்வம்:
50,000.

பேலஸ்ட்பாண்டி:
எத்தனை டிகிரியில?