'தேன்கூட்டின் ஆவி': பிள்ளையோடு பார்க்குமுன் வரலாற்றைச் சொல்லிவிட வேண்டுமா?

உட்லண்ட்ஸ் வாசகி:
அனைவருக்கும் வணக்கம். விக்தோர் எரிசே 1973இல் ஸ்பெயினில் இயக்கிய 'தேன்கூட்டின் ஆவி' படத்தின் புதுப்பிக்கப்பட்ட பிரதியை அண்மையில் பார்த்தேன். கதை நிகழ்வது 1940 வாக்கில், உள்நாட்டுப் போர் ஓய்ந்த கையோடு, காஸ்டீலியச் சமவெளியின் ஒரு சிற்றூரில். ஊருக்கு வந்த 'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தைப் பார்த்த ஆனா என்ற சிறுமி, அரக்கன் ஏன் அந்தப் பிள்ளையைக் கொன்றான், அவனை ஏன் கொன்றார்கள் என்று அக்காளிடம் கேட்கிறாள். அந்தக் கேள்வி படம் முழுதும் அவளை விடுவதில்லை. உயர்நிலை ஒன்றில் படிக்கும் என் மகளோடு மறுபடியும் பார்க்க விரும்புகிறேன். அந்தப் போரில் வென்று ஸ்பெயினை ஆண்ட சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியைப் பற்றி முன்பே விளக்கினால் படம் பாடமாகிவிடும். விளக்காவிட்டால் பாதி பிடிபடாமல் போகும். என்ன செய்யலாம்?

தோ பாயோ ஆசிரியர்:
ஒன்றும் சொல்லாதீர்கள் என்பேன். அறியாத பிள்ளையின் கண்ணில்தான் இந்தப் படமே நிற்கிறது. பாழடைந்த கொட்டகையில் ஒளிந்திருப்பவன் யார் என்று ஆனாவுக்குத் தெரியாது; ஆப்பிளையும் அப்பாவின் மேலங்கியையும் கொண்டுபோய்க் கொடுக்கிறாள், அங்கிக்குள் அப்பாவின் சட்டைப்பைக் கடிகாரம் இருக்கிறது. அன்றிரவே அவன் சுட்டுக் கொல்லப்படுகிறான். அடுத்து வரும் காலை உணவுக் காட்சியைக் கூர்ந்து பாருங்கள்: பீங்கான் கோப்பைகளின் ஓசையைத் தவிர மேசையில் பேச்சே இல்லை, ஒவ்வொருவரும் தனித்தனிச் சட்டகத்தில் அமர்ந்திருக்கிறார்கள், அப்பா அந்தக் கடிகாரத்தைத் திறந்ததும் அது இசைக்க, ஆனா தலைநிமிர்ந்து பார்க்கிறாள். அவ்வளவுதான். ஒரு சொல்லும் இல்லாமல் அவருக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது. அந்த நொடியை உங்கள் மகள் தானாகவே கண்டுபிடிக்கட்டும். வரலாற்றை அவளே பிறகு கேட்பாள்.

ஈசூன் ரசிகை:
ஆசிரியர் ஐயா சொல்வதில் எனக்குப் பாதிதான் உடன்பாடு. பிராங்கோ இறந்தது 1975 நவம்பரில். படம் வெளிவந்தபோது அவர் ஆட்சியில் இருந்தார், தணிக்கையும் இருந்தது. தோற்ற தரப்பினர் தம் இழப்பைப் பொதுவெளியில் பேச முடியாத காலம் அது. இது தெரியாமல் பார்க்கும் பிள்ளைக்கு, பெற்றோரின் மௌனம் வெறும் மந்தமாகத்தான் படும். அம்மா மிதிவண்டியில் ரயில் நிலையம் சென்று, பெறுபவர் உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாத ஒரு கடிதத்தை ரயிலில் சேர்க்கும் காட்சியின் கனம் அவளுக்கு எப்படிப் புரியும்? "ஒரு போர் நடந்தது, தோற்றவர்கள் ஓடி ஒளிய வேண்டியிருந்தது" என்ற ஒற்றை வரி போதும். நம் வீடுகளிலும் ஜப்பானியர் காலத்தில் சயாம் ரயில் பாதை போடும் வேலைக்குப் போய்த் திரும்பிய தாத்தாக்கள் பலர் வாய் திறக்காமலே போய்ச் சேர்ந்தார்கள். ஆகவே அந்த மௌனம் நம் பிள்ளைகளுக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

பூன் லே நண்பர்:
வரலாற்றைவிட வெளிச்சம் முக்கியம் என்று நினைக்கிறேன். அறைக்குள் பரவும் தேன்நிறம் புதுப்பித்தவர்கள் பூசியது என்று சிலர் கருதுகிறார்கள், அது தவறு. அந்த வீட்டின் சன்னல்களில் அறுகோணக் கண்ணாடிகள் மஞ்சளாகப் பதிக்கப்பட்டிருக்கும், வீடே ஒரு தேன்கூடாகத் தெரியும். பார்வையை இழந்துகொண்டிருந்த நிலையில் ஒளிப்பதிவாளர் லூயிஸ் குவாட்ராடோ அந்த ஒளியை அமைத்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் நெகிழ்கிறது. பழைய குறுவட்டுகளில் இருட்டான காட்சிகள் கலங்கிக் கிடந்தன. இப்போது விளக்கருகே ஆனாவின் கண்கள் தெளிவாகத் தெரிகின்றன. ஆகவே கைப்பேசியில் வேண்டாம், விளக்கை அணைத்துவிட்டுப் பெரிய திரையில் பாருங்கள். அக்காள் பூனையின் கழுத்தை நெரிப்பதும், பின்னர் செத்ததுபோல் கிடந்து தங்கையை மிரட்டுவதும் மகளைக் கலங்க வைக்கலாம். அவற்றை மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.