அவசரம்: அம்மாவோட ரீஹாப் பில் ரிஜெக்ட் ஆயிட்டு, அப்பீல் எப்படி?

ஜங்ஷன்வாசி:
அம்மாவுக்கு ஆபரேஷன் முடிஞ்சு பாளையங்கோட்டையில ஒரு ரீஹாப் (மறுவாழ்வு சிகிச்சை) சென்டர்ல 21 நாள் வச்சிருந்தோம். பில் 94,000. இன்சூரன்ஸ்ல தர முடியாதுன்னு மெயில் வந்துட்டு. எங்க அப்பீல் பண்ணணும்? சீக்கிரம் சொல்லுங்க.

ரதவீதி:
என்ன ஆபரேஷன்? சொந்த பாலிசியா, ஆபீஸ் குரூப்பா, பென்ஷனர் திட்டமா? மெயில் போட்டது கம்பெனியா, கம்பெனிக்காக கிளெய்ம் பாக்குற டிபிஏவா? ஆபரேஷன் பில் பாஸ் ஆச்சா? மறுத்த காரணத்தை அப்படியே எழுதுங்க.

கொக்கிரகுளத்தான்:
படுக்கைக் கணக்கை வச்சுத்தான் தள்ளியிருப்பாங்க, எழுதி வச்சுக்கிடுங்க. சென்டருக்கு கிளினிக்கல் எஸ்டாபிளிஷ்மென்ட் (மருத்துவமனைப் பதிவு) சட்டத்துல ஆஸ்பத்திரியா பதிவு இருக்கணும். இல்லன்னா 10 லட்சம் ஜனத்துக்குக் குறைஞ்ச ஊர்ல 10 படுக்கை, ராப்பகலா டாக்டர், நர்ஸ், சொந்த ஆபரேஷன் தியேட்டர் எல்லாம் வேணும். நெல்லை மாநகராட்சி 2011 கணக்குப்படி 4.7 லட்சம்தான், பெரிய ஊருக்குள்ள 15 படுக்கைக் கணக்கைக் கேட்டா ஒத்துக்கிடாதீங்க. ஆனா ரீஹாப் சென்டர்ல தியேட்டருக்கு எங்க போக? பதிவுச் சான்றிதழ் நகல் வாங்குங்க.

பாலிசிப்புலி:
எடுக்கையில ஒரு பக்கம் படிக்கிறதில்ல, தள்ளுனதும் 'சீக்கிரம்'. பாலிசில காசு தராத செலவுப் பட்டியல்ல விலக்கு 05, தலைப்பிலேயே 'ரீஹாப்'னு இருக்கு. அப்பீலாம் அப்பீல்.

ரதவீதி:
தலைப்பை மட்டும் படிச்சா அப்படித்தான் தோணும் வே. சிகிச்சைக்கு இல்லாம முக்கியமா படுக்கை ஓய்வுக்குன்னே சேர்ந்தாத்தான் விலக்குன்னு கீழ எழுதியிருக்கு. குளிப்பாட்ட, உடுத்திவிட ஆள் போட்ட செலவும் அதுல சேரும். தசைக்குப் பலம் ஏத்துற சிகிச்சை ஓய்வா?

ஜங்ஷன்வாசி:
இடுப்பு எலும்பு முறிவு, பைபோலார் (செயற்கை மூட்டுப் பந்து வைக்கிற ஆபரேஷன்). சொந்த பாலிசி. ஆபரேஷன் பாஸ். மெயில் டிபிஏ. காரணம் 05தான். டிஸ்சார்ஜ் சம்மரில 'ஓய்வு, பிசியோ'ன்னு இருக்கு.

ரதவீதி:
அந்த 'ஓய்வு'தான் வினை. சம்மரியைத் திருத்தச் சொல்லாதீங்க, சந்தேகம் வந்திரும். ஆபரேஷன் பண்ண டாக்டர்ட்ட தேதி, பதிவு எண்ணோட தனி லெட்டர் கேளுங்க. சேர்க்கையில கால் தசை பலம் எந்த கிரேடு, எவ்வளவு எடை ஊன்றலாம், நாளுக்கு எத்தனை தடவை பிசியோ, வீட்டுல வச்சு ஏன் முடியாது, போகையில எவ்வளவு நடந்தாங்கன்னு வரணும். 'ஓய்வு'ங்கிற சொல்லே அதுல வேண்டாம். சென்டர்ல தினசரி கேஸ் ஷீட், நர்சிங் சார்ட் நகல் வாங்குங்க. பில்லையும் பிசியோ, ரூம், அட்டென்டர்னு பிரிச்சுக் கேளுங்க. அட்டென்டர் காசு வராது, நீங்களே கழிச்சிருங்க, மத்ததுக்கு மதிப்பு கூடும்.

டிபிஏ தானா கிளெய்மைத் தள்ள முடியாது, முடிவு கம்பெனியோடது. 2024 மே ஐஆர்டிஏஐ (இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம்) சுற்றறிக்கைப்படி, கிளெய்ம் ரிவ்யூ கமிட்டி ஒப்புதல் இல்லாம கம்பெனியும் தள்ளக்கூடாது. பாலிசியில எந்த விதிப்படி மறுத்தாங்கன்னு கம்பெனியே கடிதம் தரணும்னு கேளுங்க. கம்பெனியோட குறைதீர் அதிகாரிக்குப் போற மெயில்லயே, "உள்நோயாளியா ஏத்துக்கிடலன்னா, ஆபரேஷன் கிளெய்ம் ஏற்கெனவே பாஸ் ஆனதால பிசியோ தொகையை டிஸ்சார்ஜுக்குப் பிந்தின செலவாவது தாங்க"ன்னு ஒரு பத்தி போடுங்க. பாலிசில அது 60 நாளா 90 நாளான்னு பாத்துக்கிடுங்க.

மேலப்பாளையம்காரர்:
இதுக்கு 94,000-ஆ? மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வந்து பிசியோ பண்ணுவாங்களே.

கொக்கிரகுளத்தான்:
அண்ணாச்சி, பில் கட்டுன பொறவு அதைப் பேசி என்னத்துக்கு. இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேனை (புகாரை விசாரிச்சுத் தீர்ப்பு சொல்றவர்) நம்பாதீங்க, நெல்லை நுகர்வோர் ஆணையத்துலயே கேஸ் போடுங்க. பிரீமியம் 5 லட்சம் வரை கட்டணமும் இல்ல.

பாலிசிப்புலி:
கேஸ் நிலுவையில இருந்தா ஓம்புட்ஸ்மேன் கையே வைக்க மாட்டார். அது தெரியாம அறிவுரை.

ரதவீதி:
புலி சொல்லுறது இதுல சரிதான். முதல்ல ஓம்புட்ஸ்மேன். கட்டணம் இல்ல, வக்கீலுக்கு இடமும் இல்ல, 50 லட்சம் வரைக்கும் கேக்கலாம். சென்னை அலுவலகம்தான் நமக்கு, ஆன்லைன்ல போடலாம். ஆனா கம்பெனிக்கு எழுதி மறுத்தாலோ, ஒரு மாசம் பதில் இல்லாட்டாலோதான் போகலாம். மறுத்த தேதியிலருந்து ஒரு வருஷத்துக்குள்ள போயிரணும். தீர்ப்பு கம்பெனியைக் கட்டும், உங்களைக் கட்டாது. பிடிக்கலன்னா பொறவு நுகர்வோர் ஆணையம் இருக்கவே இருக்கு.

கொக்கிரகுளத்தான்:
ஆணையத்துல மன உளைச்சலுக்கும் காசு கேக்கலாம்லா.

பாலிசிப்புலி:
எத்தனை வருஷம் கழிச்சு?

ஜங்ஷன்வாசி:
குறைதீர் அதிகாரிக்கு மெயில் போட்டாச்சு. டாக்டர் வியாழக்கிழமை லெட்டர் தாரேன்னாரு. நன்றி.

ரதவீதி:
லெட்டர் இல்லாமலா மெயில் போட்டீங்க? புகார் எண்ணைச் சுட்டி வியாழக்கிழமையே லெட்டரை இணைச்சு அனுப்புங்க. அட்டென்டர் காசைக் கழிச்சாச்சா?